கல்யாண அழைப்பிதழா, களவுச் செயலியா? காட்டிக்கொடுக்கும் ‘சிஸ்டம் கால்’

உறவினர் வீட்டுக் கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. பெயரின் கடைசியில் ‘ஏ.பி.கே.’ என்றிருந்தால் அது படமல்ல, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் மோசடிக்காரரின் கைக்குப் போய்விடும். இத்தகைய கோப்புகளைத் திறக்க வேண்டாம் என்று மலேசியப் போலீசார் எச்சரித்து வருகின்றனர்.

ஈப்போவிலும் சரி, சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலும் சரி, இன்று பல அழைப்பிதழ்கள் கைப்பேசியில்தான் வருகின்றன. அப்படி வரும் செயலி உள்ளே என்ன செய்கிறது என்பதை நிபுணர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கிராணியிடம் கேட்பது போல

ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் தொழிலாளி தானாகப் பொருள் எடுக்க முடியாது. கிராணியிடம் கேட்க வேண்டும். கைப்பேசியில் அந்தக் கிராணியின் வேலையைச் செய்வது ‘கெர்னல்’ எனும் இயங்குதளத்தின் மையப் பகுதி. கோப்பைத் திறக்க ‘ஓப்பன்ஆட்’, படிக்க ‘ரீட்’, எழுத ‘ரைட்’, இணையத்தில் வேறொரு கணினியைத் தொடர்புகொள்ள ‘கனெக்ட்’ என ஒவ்வொன்றுக்கும் செயலி அதனிடம் கேட்டாக வேண்டும். இந்தக் கோரிக்கைதான் ‘சிஸ்டம் கால்’.

கோரிக்கைகளை வரி வரியாகப் பதிவு செய்யும் கருவி ‘எஸ்டிரேஸ்’. 1991இல் பால் கிரானன்பர்க் இதை சன்ஓஎஸ் இயங்குதளத்துக்காக எழுதினார். பின்னர் அது லினக்ஸுக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸ் கெர்னல்தான்.

நிபுணர்கள் தனியாக ஒதுக்கிய சோதனைக் கருவியில் செயலியை ஓடவிட்டு, எந்தக் கோரிக்கை எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுப்பார்கள். அழைப்பிதழைக் காட்ட மட்டும் வந்த செயலி, ஒவ்வொரு குறுஞ்செய்தி வந்ததும் அறிமுகமில்லாத கணினியைத் தொடர்புகொண்டால் சந்தேகம் உறுதிப்படும். ஆனால் குறுஞ்செய்தி தொடர்பான கோரிக்கை ‘பைண்டர்’ வழியாகப் போவதால், பதிவில் வெறும் ‘ஐஆக்டில்’ என்றே தெரியும். அதனால் செயலியின் நிரலையும் சேர்த்தே ஆராய்வார்கள்.

சாவி நம் கையில்

அன்றாடப் பயன்பாட்டுக்கு எவை தேவை என்று தெரிந்தால் மற்றவற்றைப் பூட்டிவிடலாம். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இல், 64 பிட் ஏ.ஆர்.எம். கருவிகளில் இருந்த 271 சிஸ்டம் கால்களில் 17ஐச் செயலிகள் பயன்படுத்த முடியாதபடி கூகுள் தடுத்தது.

ஆனால் போலி அழைப்பிதழ் பூட்டை உடைப்பதில்லை. நாம் ‘அனுமதி’ என்று அழுத்திக் கொடுக்கும் சாவியைத்தான் பயன்படுத்துகிறது. நாம் அனுமதித்த கோரிக்கையைக் கெர்னலும் தடுக்காது.

ஆகவே, அழைப்பிதழ் குறுஞ்செய்தி அனுமதி கேட்டால் மறுத்துவிட்டு, அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரியுங்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டியுங்கள். பணம் பறிபோயிருந்தால், வேறொரு கைப்பேசியிலிருந்து உடனே வங்கிக்கும், 997 எண்ணில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்துக்கும் தெரிவியுங்கள்.