பளையில் பெய்யாத பனி

தை மாத விடியலில் பளையில் ஒரு தென்னங்காணிக்குள் நின்று பாருங்கள். வானத்தில் முகிலே இருக்காது. ஆனாலும் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்கும். ஓலை நுனிகளிலிருந்து பனி வடிகிற சத்தம் அது. அந்த நேரம் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு. அண்ணா அங்கிருந்து அழைப்பார்.

"ஸ்னோ கொட்டுதம்மா."

"தலையிலை துவாயைக் கட்டிக்கொண்டு போ தம்பி, பனி பிடிச்சிடும்."

அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான், தமிழுக்கும் அப்படித்தான். ஓலைத் துளியும் பனி, வீதியை மறைக்கும் மூட்டமும் பனி, கனடாவின் வெண்பொதியும் பனி. கண்ணில் நீர் துளிர்த்தாலும் 'கண் பனித்தது' என்கிறோம்.

பனி பெய்கிறது என்றும் சொல்கிறோம். ஆனால் பளையில் பனி பெய்வதே இல்லை! இரவில் ஓலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்கிறது. குளிரக் குளிர, காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் ஒரு வெப்பநிலை வரும். அதுதான் பனிபடுநிலை. துளி மேலிருந்து விழவில்லை, ஓலையிலேயே பிறக்கிறது. வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814இல் வெளியிட்ட நூலில் இதை நிறுவினார். அவருடைய கருவிகளில் கம்பளித் துணுக்கும் தராசும் முக்கியமானவை. இரவில் வெளியே வைத்த கம்பளி எவ்வளவு நீர் ஏற்றது என்று காலையில் நிறுத்துப் பார்த்தார். மேல்வாய் திறந்த குழாய்க்குள் வைத்த கம்பளி, வெட்டவெளியில் கிடந்ததைவிட மிகக் குறைவாகவே நனைந்திருந்தது. பனி மேலிருந்து விழுவதானால் குழாய்க்குள்ளும் அதே அளவு விழுந்திருக்க வேண்டுமே!

ரொறன்ரோவில் பனி உண்மையிலேயே விழுகிறது. முகிலுக்குள் நீராவி நீராக மாறாமல் நேரே பனிக்கட்டியாகப் படிந்து, ஆறு கைகள் விரித்து இறங்குகிறது. பளையில் பொருந்தாத 'பெய்தல்' கடல் கடந்து போய்ப் பொருந்திவிட்டது.

விழுந்தது லேசில் போகாது. 0 பாகையில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை 0 பாகை நீராக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? அதே நீரை 80 பாகை வரை, ஏறக்குறைய தேத்தண்ணிச் சூட்டுக்கு, கொண்டுபோகும் அளவு. அவ்வளவையும் விழுங்கியும் வெப்பமானி அசையாது. மறைவெப்பம் என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள்.

அதனால்தான் அங்கே வீதிகளில் உப்புத் தூவுகிறார்கள். பளையிலிருந்து ஏ9 வீதியில் தெற்கே போனால் வரும் ஆனையிறவு உப்பளத்தில் விளைகிற அதே வகை உப்பு. பனிக்கட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று உண்டு. உப்புக்கல் முதலில் அதில் கரைகிறது. செறிந்த உப்புநீர் மைனஸ் 21 பாகை வரை உறையாது. அந்த நீர் அடியிலுள்ள கட்டியைச் சிறிது சிறிதாகத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

சூடு பட்டு நீராவது உருகுதல். இன்னொரு நீர்மத்தில் கலந்து போவது கரைதல். மைனஸ் 5 பாகையில் உப்பு வீதியில் நடப்பது இரண்டாவது.

அடுத்த அழைப்பில் அம்மா கேட்பார்: "ஸ்னோ கரைஞ்சிட்டுதோ தம்பி?"

"உருகினதெண்டு சொல்லோணும் அம்மா," என்பார் அண்ணா.

அவர் வாசல் வீதியைப் பொறுத்தவரை, அம்மா சொன்னதுதான் சரி.