ஒலிம்பஸ் 75 மி.மீ எஃப்/1.8 வில்லை

ஒலிம்பஸ் எம்.ஸுய்கோ டிஜிட்டல் 75 மி.மீ எஃப்/1.8 என்பது மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற ஒளிப்படக்கருவிகளுக்காக 2012 ஆம் ஆண்டில் ஒலிம்பஸ் நிறுவனம் வெளியிட்ட, மாறாக் குவியத் தூரம் கொண்ட வில்லை ஆகும். இது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறைமையைச் சேர்ந்தது. உருவப்படம் எடுப்பதற்கே பெரிதும் பயன்படுகிறது. 2021 முதல் ஒலிம்பஸின் ஒளிப்படக்கருவித் தொழில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்னும் தனி நிறுவனத்தின் கீழ் உள்ளது.

அமைப்பு

9 தொகுதிகளாக அமைந்த 10 கண்ணாடிக் கூறுகளை இது கொண்டுள்ளது. அவற்றுள் மூன்று, நிறப்பிரிகையைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடியால் ஆனவை. உடல் உலோகத்தாலானது, எடை 305 கிராம். 84 செ.மீ வரை நெருங்கிக் குவிக்கலாம்.

துளை எண்ணின் பொருள்

'எஃப்/1.8 எங்கும் எஃப்/1.8 தானே' என்பது பாதி உண்மையே. இம்முறைமையின் உணரி 17.3 × 13 மி.மீ அளவுடையது. 36 × 24 மி.மீ முழுச்சட்ட உணரியோடு ஒப்பிடுகையில் அதன் மூலைவிட்டம் பாதியாகும். ஆகவே முழுச்சட்டக் கருவியில் 150 மி.மீ வில்லை காட்டும் காட்சிப்பரப்பையே இது காட்டுகிறது. ஒளியூட்ட நேரத்தைக் கணக்கிட எஃப்/1.8 என்பதையே கொள்ள வேண்டும். ஆனால் பின்புலம் மங்கும் அளவு, முழுச்சட்டத்தில் 150 மி.மீ எஃப்/3.6 வில்லை தருவதற்கே இணையாகும். காரணம் எளிது: 75-ஐ 1.8 ஆல் வகுத்தாலும் 150-ஐ 3.6 ஆல் வகுத்தாலும் துளையின் விட்டம் ஏறத்தாழ 42 மி.மீ தான். 2019 இல் வெளிவந்த சோனியின் முழுச்சட்ட 135 மி.மீ எஃப்/1.8 வில்லைக்கு இது 75 மி.மீ ஆகும், அதன் எடையும் 950 கிராம். விலைப்பட்டியலில் இரண்டிலும் 1.8 என்றே இருப்பதைக் கொண்டு இரண்டும் ஒன்று எனக் கொள்வது தவறு.

எனினும் உருவப்படத்திற்கு இம்மங்கல் குறைவானதன்று. தலையும் தோளும் சட்டத்தில் அடங்க ஏறக்குறைய 2.7 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அப்போது தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 7 செ.மீ மட்டுமே; கண் தெளிவாயிருக்கக் காது மங்கத் தொடங்கும்.

முகத்தின் தோற்றத்தை முடிவு செய்வது வில்லையன்று, தொலைவே. மூக்கின் நுனி காதைவிட 12 செ.மீ முன்னே இருப்பதாகக் கொள்வோம். 60 செ.மீ தொலைவிலிருந்து எடுத்தால் மூக்கு ஒப்பளவில் 20% பெரிதாகத் தெரியும், 2.7 மீட்டரில் அது 4% அளவே. நெடுங்குவிய வில்லை, அத்தொலைவில் நின்றும் சட்டத்தை நிரப்ப உதவுகிறது, அவ்வளவே. சிறிய அறைகளில் இத்தொலைவு கிடைப்பதரிது.

மதிப்பிடுதல்

எண்ணிம எஸ்எல்ஆர் கருவிகளில் குவிப்பை அளக்கத் தனி உணரி உண்டு. அது சிறிது பிசகினாலும், நல்ல வில்லையும் சோதனையில் மோசமாகத் தோன்றலாம். ஆடியற்ற கருவியில் படத்தைப் பதியும் உணரியே குவிப்பையும் அளப்பதால் இவ்வகைப் பிழை பெரும்பாலும் எழுவதில்லை. இருளில் தொலைவிலுள்ள சிறு விளக்குகளைக் குவியத்திற்கு வெளியே வைத்து எடுத்துப் பார்ப்பது பயனுள்ள சோதனை: நடுவில் வட்டமாகத் தெரியும் ஒளிப்புள்ளிகள், ஓரங்களில் எவ்வளவு நசுங்குகின்றன என்பது புலப்படும்.

குறைகள்

இவ்வில்லையில் நீர், தூசு புகாத காப்பு இல்லை. வெயில் மறைப்பைத் தனியே வாங்க வேண்டும். நடுக்கக் குறைப்பும் வில்லைக்குள் இல்லை. அவ்வசதி கருவியின் உடலில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். அது கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும். எதிரே இருப்பவர் அசைவதைத் தடுக்காது என்பதால், ஓடியாடும் குழந்தைகளை எடுக்க 1/250 நொடியோ அதனினும் விரைவான மூடி வேகமோ தேவைப்படும்.