எண்ணெய்க்கு அனுமதி... தண்ணிக்குத் தடா!

ஹாஸ்டல் மெஸ் குழம்புல மிதக்குற எண்ணெயைக் கரண்டியால ஓரங்கட்டிட்டுதானே சாப்பிடறீங்க? அதே வேலையைக் கடல்ல செய்யணும்னா..? 2017 ஜனவரியில எண்ணூர் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? மீனவர்கள், மாணவர்கள்னு எல்லோரும் கசடை பக்கெட்லதான் அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மறுபடி எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் படர்ந்தப்பவும் மீனவர்கள் கையாலதான் அள்ளினாங்க!

'வடிகட்டினா போச்சு'ங்கறீங்களா? டீ வடிகட்டி தூளைத்தான் நிறுத்தும். எண்ணெயும் தண்ணியும் ஒண்ணாவே ஓடிடும். அதனால ஓட்டையோட அளவை விட்டுட்டு, கம்பியோட குணத்தை மாத்தணும்!

தாமரை இலையைக் கவனிங்க. மேல மெழுகு, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. ரெண்டும் சேர்ந்ததால தண்ணி ஒட்டாம உருளுது. துளியோட ஓரம் பரப்போட சேர்ற கோணம் 150 டிகிரியைத் தாண்டினா, அது தண்ணியை விரட்டுற 'சூப்பர்' பரப்பு.

2004-ல சீனாவின் லெய் ஜியாங் குழு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை மேல டெஃப்லான் பூசிப் பார்த்தாங்க. தண்ணி முத்து முத்தா மேலேயே நின்னுச்சு. டீசல் பரவி, கீழே இறங்கிடுச்சு!

ஆனா, எண்ணெயை விரும்புற வலை எண்ணெயாலேயே அடைச்சுக்குமே? அதே குழு மீன் செதிலைப் பார்த்தாங்க. செதில் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கறதால, கடலுக்குள்ள எண்ணெய் அதுல ஒட்டாது. 2011-ல வலை மேல ஹைட்ரோஜெல் பூசினாங்க. இப்போ தண்ணி இறங்குது, எண்ணெய் மேல நிக்குது. அப்படியே உல்டா!

சுவிட்ச் போட்ட மாதிரி மாத்தவும் முடியும். வலையில துத்தநாக ஆக்ஸைடு நானோ கம்பிகளை வளர்த்தா, புற ஊதா ஒளி பட்டதும் தண்ணியை விடும். சில நாள் இருட்டுல வெச்சா, திரும்பவும் தடுக்கும்.

அப்புறம் ஏன் இன்னும் பக்கெட்? லேப்ல ஊத்துறது சுத்தமான டீசல். கடல்லயோ மணல், பாசி கலந்த பிசுபிசு கசடு. அது வலையை அடைச்சுடும். அலையில உரசி பூச்சு தேயும். ஓட்டையைவிடச் சின்னதா உடைஞ்ச எண்ணெய்த் துளி, தண்ணியோடவே நழுவிடும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்களா பாஸ்? அடைக்காத, தேயாத வலை ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு. அடுத்த முறை எண்ணூர்ல யாரும் வெறுங்கையை எண்ணெய்க்குள்ள விடக் கூடாது... என்ன சொல்றீங்க?