படகில் மின்சாரம் திரும்பும் வழி

மோட்டார் சைக்கிளிலும் லாரியிலும் கைபழகிய மெக்கானிக் ஒருவர் ஃபைபர் படகில் அணைந்துபோன விளக்கைச் சோதிக்க வந்தால், பாட்டரியின் நேர்முனையிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியைத்தான் அங்குலம் அங்குலமாக ஆராய்வாரேயொழிய, விளக்கிலிருந்து திரும்பி வரும் கம்பியின்மீது அவருக்கு எளிதில் சந்தேகம் பிறப்பதில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. சாலை வாகனத்தில் இரும்புச் சட்டமே மின்சாரம் எதிர்முனைக்குத் திரும்பும் ராஜபாட்டையாக இருப்பதால், அங்கே பழுது பெரும்பாலும் போகும் வழியில்தான் நேர்கிறது. கண்ணாடியிழையால் ஆன படகின் உடலோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள். ஆகவே அணியத்தில் எரியும் ஒரு சிறு விளக்குக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு வேண்டும். பழுதும் இவ்விரண்டிலும் சரிசமமாகவே நேரும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளில் இத்தகைய படகுகள் வெகுவாகப் பெருகின. இரவில் கடலில் இருப்பதைப் பிறருக்கு அறிவிக்கும் வெள்ளை விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகிய உபகரணங்கள் யாவும் ஆறு அறைகள் கொண்ட ஒரே 12 வோல்ட் ஈய-அமில பாட்டரியை நம்பியே இயங்குகின்றன. இவற்றில் எது நின்றாலும் முதல் பழி பாட்டரியின்மேல்தான். "பாட்டரி இறங்கிப்போச்சு" என்ற தீர்ப்பு விசாரணைக்கு முன்பே வந்துவிடுகிறது. முழு மின்னேற்றம் பெற்று, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 காட்டினால் பாதி செலவாகிவிட்டது என்று கொள்ளலாம். இந்தப் பரீட்சையில் தேறி, விளக்கின் சுமையைக் கொடுத்த பின்னும் 12 வோல்ட்டுக்குக் கீழே சரியாத பாட்டரியைக் குற்றம் சொல்வது நியாயமன்று. அப்போது நம் கவனம் இணைப்புகளின் பக்கம் திரும்ப வேண்டும்.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. இந்த நீர் இணைப்பின் வெளிப்புறத்தை நனைப்பதோடு திருப்தியடைவதில்லை. பல மெல்லிய செப்பு இழைகளை முறுக்கிய கம்பியின் வெட்டுவாயில் அது பட்டுவிட்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளின் இடுக்குகள் வழியே பிளாஸ்டிக் உறைக்குள் வெகுதூரம் ஏறிச் செல்கிறது. வெளியே புத்தம் புதிதாகத் தோன்றும் கம்பியின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருப்பதும், முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதும் இக்காரணத்தாலேயே. இரண்டு கம்பிகளைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடும் வழக்கம் வீட்டில் எப்படியோ, கடலில் அது பெருந்தீங்கு. அந்த டேப் நீர் புகுவதைத் தடுப்பதைவிடப் புகுந்த நீர் உலராமல் காப்பதையே திறம்படச் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியின் விலை சற்று அதிகந்தான்; ஆயினும் மறுபடி மறுபடி கம்பி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவே.

களிம்பேறிய இணைப்பின் கபடம் மல்டிமீட்டரின் முன்னால்தான் நன்கு வெளிப்படுகிறது. 12 வோல்ட்டில் 24 வாட் எடுக்கும் பழைய இழை விளக்கு ஒன்றுக்குச் செல்லும் வழியில், களிம்பினால் 1 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். விளக்கு தானே ஏறக்குறைய 6 ஓம் ஆகையால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 2 ஆம்பியரிலிருந்து சுமார் 1.7 ஆகக் குறைகிறது, வழியிலேயே 1.7 வோல்ட் விரயமாகி, விளக்குக்கு 10.3 வோல்ட்தான் கிட்டுகிறது. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் சுபாவமுடையது. எனவே இந்தச் சிறு நஷ்டத்தில் ஒளி ஏறத்தாழ 60 சதவீதமாகிவிடும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்று 1972 சர்வதேசக் கடல் விதிகள் கூறுவதை நினைத்தால், இது வெறும் மங்கல் மட்டுமன்று என்பது விளங்கும். மெக்கானிக் வந்து விளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பிடியில் மீட்டரின் முனைகளை வைக்கிறார். மீட்டரின் உள்தடையோ ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடுவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு அற்பமான ஓட்டத்துக்கு 1 ஓம் தடை ஒரு பொருட்டே அல்ல. மீட்டர் 12 வோல்ட் என்று சத்தியம் செய்கிறது. விளக்கை மாட்டினால் மறுபடியும் மங்கல்.

ஆகையால் அளவையை விளக்கு எரியும்போதே எடுக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை நீண்ட கம்பி ஒன்றால் பாட்டரியின் நேர்முனையோடு சேர்த்து, மறு முனையை விளக்கின் நேர்முனையில் வைத்தால், அது காட்டும் வோல்ட் முழுவதும் வழியில் களவு போனது, 0.3 வோல்ட்டுக்கு மேற்பட்டால் கவலைப்படலாம். பிறகு மறு முனையை ஸ்விட்ச், ஃப்யூஸ், இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பாட்டரியை நோக்கி நகர்த்தி வந்தால், எந்த இரண்டு இடங்களுக்கிடையே எண் திடீரென்று விழுகிறதோ அங்கேதான் களிம்பு. இதே பரீட்சையை எதிர்முனைக் கம்பியிலும் நடத்தாமல் எழுந்துவிடக்கூடாது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள யந்திரங்களில் இது இன்னும் அவசியம். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்குமானால், பாட்டரி முனையில் வெறும் 0.05 ஓம் தடை 5 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்குகள் பளிச்சென்று எரிய, யந்திரம் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுவதன் ரகசியம் இதுவே.

மின்சாரம் போகவேண்டிய இடத்துக்குப் போகாமலிருப்பது ஒரு பழுது. போகக்கூடாத இடத்துக்குப் போவது மற்றொன்று. இருவேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அவையே ஒரு மின்கலமாகி, அவற்றுள் ஒன்று கரைகிறது. இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி 1824-இல், போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடுகளோடு துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் சேர்த்தபோது செம்பு கரையாமல் தப்பியது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சினால் அதுவரை அண்டாதிருந்த பாசியும் சிப்பியும் கப்பலின் அடியில் தாராளமாகக் குடியேறிவிட, கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. தத்துவம் மட்டும் பிழைத்தது. வெளிமோட்டார்களின் கீழ்ப்பகுதியில் காணும் சாம்பல்நிறக் கட்டி அதன் சந்ததியே. அழகுக்காக அதன்மேல் வர்ணம் பூசிவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

ஆனால் அந்தக் கட்டி சமாளிக்கக்கூடியது உலோகங்களுக்கிடையே தோன்றும் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த வேறுபாட்டைத்தான். உறை கிழிந்த நேர்முனைக் கம்பி படகின் அடியில் தேங்கிய நீரில் கிடந்து, பாட்டரியின் 12 வோல்ட்டே கசிய ஆரம்பித்தால், செம்பு சில நாட்களிலேயே அரித்துப்போகக்கூடும். இதைக் கண்டறிய எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். அவ்வேளையில் யந்திரத்தைக் கிளப்பினால் மீட்டர் பாழாகும். எண் பூஜ்யமாக இல்லையென்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வரலாம். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்தக் கிளையில்தான் கசிவு. நீரிறைக்கும் மின்பம்பு உள்ள படகானால் முதலில் அதன் ஃப்யூஸை உருவிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். தன் கம்பி இணைப்போடு சேர்ந்து எந்நேரமும் நீரில் கிடப்பது அதுதானே.