அடுப்பைத் தணித்தால் மட்டும் போதுமா?

எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை, உடம்பும் ஒல்லி, தினமும் நடக்கிறார். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 280. இப்படிப்பட்டவரிடம் போய் இன்னும் வாயைக் கட்டு என்று சொல்வது அநியாயம். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்த பழுதான ஒரு மரபணு இது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிலருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். தடித்து, முண்டும் முடிச்சுமாகக் கைக்குத் தட்டுப்படும்.

உள்ளே என்ன நடக்கிறது? கல்யாண வீட்டுச் சமையல்கட்டாகக் கல்லீரலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சமைத்த கொலஸ்ட்ரால் வாளி வாளியாகப் பந்திக்குப் போகிறது. பரிமாறி மிஞ்சித் திரும்பும் வாளிதான் எல்.டி.எல். அதை வாங்கி உள்ளே வைக்கச் சமையல்கட்டு வாசலில் ஆட்கள் நிற்க வேண்டும். 'ஏற்பிகள்' எனப்படும் இந்த ஆட்களை அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களில் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் பரம்பரைக் கோளாறு உள்ளவருக்கு வாசலில் பாதி ஆட்கள்தான். வாங்க ஆளில்லாத வாளிகள் நடையிலேயே, அதாவது ரத்தக்குழாயிலேயே, பிறந்த நாள் முதல் தேங்குகின்றன.

முதல் மருந்து ஸ்டாட்டின். இது சமையல்கட்டின் அடுப்பைத் தணிக்கிறது. சமையல் குறைவதால் கொழுப்பும் குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும், மிஞ்சியதையாவது எடுத்து வா என்று சமையல்கட்டு கூடுதல் ஆட்களை வாசலுக்கு அனுப்புகிறது. நல்ல மரபணு ஒன்று மீதமிருப்பதால் இது முடிகிறது. வீரியமான அளவில் கொடுத்தால் எல்.டி.எல். ஏறத்தாழ பாதியாகும்.

அப்படியானால் மாத்திரையை இரட்டிப்பாக்கினால் என்ன? கூடுதலாகக் குறைவது சுமார் 6 விழுக்காடுதான். சமையல்கட்டு சும்மா இருப்பதில்லை. அடுப்பு தணிந்தால் கொல்லை வாசல் வழியாகச் சரக்கை அதிகம் இழுக்கும். கூடவே, வாசலுக்கு ஆள் அனுப்பும் அதே உத்தரவு, பி.சி.எஸ்.கே.9 என்ற மேஸ்திரியையும் முடுக்கிவிடுகிறது. வாளியை உள்ளே வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வரவேண்டிய ஆளை அப்படியே வேலையை விட்டு நிறுத்துவதுதான் இந்த மேஸ்திரியின் வேலை. ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, சமையல்கட்டு தப்பிக்கும் வழிகளை அடைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கொல்லை வாசலை அடைப்பது எசெட்டிமைப். குடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல. பித்தநீரோடு கல்லீரலே வெளியே கொட்டியது. அதைத் திரும்ப அள்ளிவரும் வழியைத்தான் இந்த மாத்திரை மூடுகிறது. இதை மட்டும் தனியாகக் கொடுத்தால் அடுப்பு கூடுதலாக எரியத் தொடங்கும். ஸ்டாட்டினோடு சேர்த்தால் அந்த வழியும் அடைபடும். இதே தர்க்கத்தை ஜப்பானின் கனசாவாவில் மாபுச்சி குழுவினர் 1983இலேயே காட்டினார்கள்: பித்த அமிலத்தைக் குடலில் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமினை, முதல் ஸ்டாட்டினான காம்பாக்டினோடு சேர்த்தபோது பலன் கூடியது.

மேஸ்திரி வெளிச்சத்துக்கு வந்தது 2003இல், பிரெஞ்சுக் குடும்பங்களில் நடந்த ஆய்வால். அவரைக் கட்டிப்போடும் எவலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் 2015இல் அனுமதி பெற்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. மேஸ்திரி உருவாவதையே குறைக்கும் இன்கிளிசிரானை, தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும்.

280ஐ வைத்தே கணக்குப் போடுவோம். ஸ்டாட்டினால் பாதி, 140. எசெட்டிமைப் அதில் 20 விழுக்காட்டைக் குறைத்தால் 112. ஊசி மீதியில் 60 விழுக்காட்டைக் குறைத்தால் 45. ஆளுக்கு ஆள் இது மாறும். ஊசியின் விலை அதிகம் என்பதால் மாத்திரைகளில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இரண்டாவது மாத்திரைக்குக் காரணமில்லாமல் வருடக்கணக்கில் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2008இல் வெளியான 'என்ஹான்ஸ்' ஆய்வில், இந்தக் கோளாறு உள்ள 720 பேரிடம் ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் சேர்த்தபோது எல்.டி.எல். நன்றாகக் குறைந்தது, கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் பலர் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் ஸ்டாட்டின் எடுத்தவர்கள். 2015இல் வந்த 'இம்ப்ரூவ்-இட்', 18,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் அதே கூட்டு மாரடைப்பை ஓரளவு குறைத்ததைக் காட்டியது. அவர்கள் பரம்பரைக் கோளாறுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்றாலும், எல்.டி.எல்.லைக் குறைப்பது பலன் தருகிறது என்பதில் என் நம்பிக்கை அதிலிருந்து உறுதிப்பட்டது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த குழந்தைகளின் நிலை கடினம். வாசலில் ஆட்களே அநேகமாக இல்லாதபோது, ஆள் கூட்டும் மருந்துகளால் அதிகம் செய்ய முடியாது. வாளி நிரப்புவதையே குறைக்கும் லோமிடாபைட், ஏற்பிகளை நம்பாமல் வேலைசெய்யும் எவினாகுமாப், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இயந்திரத்தால் பிரித்தெடுக்கும் அஃபெரசிஸ் ஆகியவை அவர்களுக்குக் கைகொடுக்கின்றன.

வீட்டில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உறுதியானால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பிடிபட்டுவிடும். தேவைப்படும் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலேயே மருத்துவர்கள் ஸ்டாட்டினைத் தொடங்குகிறார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் அதே வாரம் பரிசோதித்துக்கொள்வது நல்லது.