இதய உறையில் கோத்த நீர்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆனால் பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி எந்த மருந்துக்கும் கரைவதில்லை. 1940களில் அங்கே தொழிலாளர்களைச் சோதித்தபோது, பத்துக்கு நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற அந்தத் தூசி நோய் இருந்தது. தூசியேறிய நுரையீரல் காசநோய்க்குத் திறந்த வீடு. அந்தக் கிருமி சிலருக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்கும் போய்விடுகிறது.

அங்கே நீர் கோத்துக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கால் வீங்கும், வயிறு உப்பும், படுத்தால் மூச்சு முட்டும். வயிற்றைப் பார்த்துவிட்டு, குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவதும் உண்டு. எக்கோ எடுத்தால் நீர் தெரிந்துவிடும். காசநோய் மாத்திரை கிருமியைக் கொல்லும். கிருமி செத்தும் அழற்சி ஓயாவிட்டால், உறை தடித்துச் சுருங்கி இதயத்தை விரியவிடாமல் இறுக்கும். பிறகு நெஞ்சைத் திறந்து அதை உரித்தெடுக்க வேண்டியதுதான். ஸ்டீராய்டு கொடுப்பது இதைத் தடுக்கத்தான்.

அதற்கான ஆதாரமும் தங்கம் தோண்டப் போனவர்களின் மண்ணிலிருந்தே வந்தது. ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களுக்குத் தலைமுறைகளாக ஆளனுப்பிய, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கையில், 1980களில் ஸ்ட்ராங் என்ற மருத்துவரின் குழு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்தது. சாவு குறைந்தது. டிரான்ஸ்கையிலேயே பிறந்த மருத்துவர் போங்கானி மயோசி, ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளில் 1,400 பேரிடம் மறுபடி சோதித்து 2014இல் முடிவைச் சொன்னார். சாவு, நீர் அழுத்தம், இறுக்கம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் பலனில்லை. இறுக்கம் மட்டும் 7.8 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கோ புற்றுநோய் கூடியது. பழைய ஆய்வை மட்டும் நம்பி எல்லோருக்கும் எழுதித்தருவது இனி சரிப்படாது.

மயோசி குழு முதல் வாரம் தினமும் 120 மில்லிகிராம் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, ஆறாம் வாரம் 5இல் முடித்தது. ஏன் இவ்வளவு? காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டை உடம்பில் சீக்கிரமே தீர்த்துவிடும்.

இந்த ஸ்டீராய்டு மாத்திரையை மூச்சிரைப்புக்கென்று சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். காசநோய் மருந்து கூட இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால், எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிருமி பெருகும். நோயாளிக்கு அது தெரியாது. இரண்டு நாளில் பசியெடுக்கும், மூச்சு லேசாகும். சளிப் பரிசோதனை அதோடு தள்ளிப்போகும்.