லெக் பீஸ் பிறந்த இடம்

பிரியாணியில் லெக் பீஸைத் தேடி எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் கறி காலில் பிறந்ததல்ல. முதுகில் பிறந்து காலுக்குக் குடிபோனது.

அடைவைத்து ஒன்றரை நாளான கோழிமுட்டையைத் திறந்து, கருவை நுண்ணோக்கியில் பாருங்கள். நடுவில் தண்டுவடமாகப் போகிற நரம்புக் குழல். அதன் இருபுறமும், கோத்துவைத்த மணிபோல, பத்து ஜோடிக் குட்டிக் கட்டிகள். இவைதான் சோமைட்டுகள். 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி வீதம், தலைப்பக்கம் தொடங்கி வாலை நோக்கிப் பிறந்துகொண்டே போகும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை செயல்பாடு ஏறி இறங்கும் மரபணு ஒன்று கருவுக்குள் கடிகாரமாக ஓடுவதை 1997-இல் ஒலிவியே பூர்க்கியேயின் குழு கண்டுபிடித்தது. முட்டைக்குள் இத்தனை நேரம் தவறாமையா!

சோமைட்டின் அடிப்பாதி முதுகெலும்பும் விலா எலும்புமாகிறது. மேற்பாதியில் முதுகுத் தோலும் தசையும். அங்கே ஓரத்தில் சும்மா இருக்கும் செல்லைத் தசையாக்குவது எது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நரம்புக் குழலின் உச்சியிலிருந்து கிளம்பும் செல்கள் சில, வேறு வேலையாக அந்த வழியே போகின்றன. போகிற போக்கில் ஓரத்துச் செல்லைத் தொடுகின்றன. தொடப்பட்ட செல்லில் நாட்ச் என்னும் சமிக்ஞை எழ, தசைக்கான மரபணு விழித்துக்கொள்கிறது. தொடுகை சிறிது நேரத்தில் விலக வேண்டும். சமிக்ஞை நீடித்தால் செல் தசையாக முதிராது. 2011-இல் கிறிஸ்டோஃப் மார்செலின் குழு காட்டியது இது.

கால், இறக்கைத் தசைக்கு வேறு வழி. மூன்றாம் நாளையொட்டி சோமைட்டின் வெளிவிளிம்பிலிருந்து செல்கள் கழன்று, அப்போதுதான் அரும்பும் இறக்கைக்குள்ளும் காலுக்குள்ளும் ஊர்ந்து போகின்றன. போன இடத்தில் பெருகி, ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட இழைகளாகின்றன.

இது எப்படித் தெரிந்தது? காடையின் தயவால். காடைச் செல்லின் உட்கருவில், சாயம் போட்டால் அடர்ந்த புள்ளி ஒன்று தெரியும். கோழிச் செல்லில் அது கிடையாது. 1969-இல் பிரான்சின் நிக்கோல் லெ துவாரேன் இதை அடையாளக் குறியாக்கினார். 1970-களில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் காடையின் சோமைட்டை எடுத்து, கோழிக் கருவில் இறக்கை முளைக்கும் இடத்தருகே பொருத்திப் பார்த்தார்கள். வளர்ந்த இறக்கையில் தசை காடையுடையது. எலும்பும் தசைநாணும் கோழியுடையவை.